அந்தோனியார் வார்

கொட்டாஞ்சேனையில் நாய்க்குச் சொறி வந்தால் மண்ணெண்ணெய் ஊற்றித் தோலை உரிக்கலாம். இல்லாவிட்டால் நகரசபையின் நாய் பிடிக்கும் வண்டி வரும்வரை வாசலில் கட்டிப்போடலாம். இரண்டுக்கும் மனம் வராதவர்கள் கொன்ஸ்ரன்ஸைக் கூப்பிட்டார்கள்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. நெட்டையான, ஒட்டிய உடம்பு. அவள் தெருமுனை திரும்புவதற்கு முன்பே கந்தக வாடை திரும்பிவிடும். தெருப் பெடியன்கள் அவளுக்குச் 'சொறி நோனா', அதாவது சொறி அம்மணி, என்று பட்டம் வைத்திருந்தார்கள். காதில் விழும்படி யாராவது கூப்பிட்டுவிட்டால் நின்று திரும்பி, "வா ராசா, உனக்கும் காதோரத்தில ஒருக்காப் பாப்பம்" என்பாள். அதன் பிறகு ஒரு கிழமைக்கு அந்த வீரன் தன் காதைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டு திரிவான்.

கணவன் செபஸ்தியன் கப்பலில் கரி தள்ளப் போனவன், திரும்பி வரவில்லை. அவனைக் கடல் விழுங்கியதா, வேறொருத்தி விழுங்கியதா என்பதில் அக்கம்பக்கத்தாருக்குள் இன்னும் ஒரு முடிவு ஏற்படவில்லை. கொன்ஸ்ரன்ஸ் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. கறுவாத்தோட்டத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டில் பதினாறு வருடம் நாய்களுக்கு ஆயாவாக இருந்தாள். துரைக்குப் பிள்ளைகள் இல்லை, நாய்கள் ஐந்து. மாதம் ஒருமுறை வரும் மிருக வைத்தியருக்கு நாயை அசையாமல் பிடித்துக் கொடுப்பது அவள் வேலை. பிடித்துக் கொடுத்தவள் கண்ணை மூடிக்கொண்டு நிற்கவில்லை. பார்த்ததை எல்லாம் படித்துக்கொண்டாள். துரை சீமைக்குப் போகும்போது ஐந்து நாய்களையும் ஊசி போட்டுக் கொல்லச் சொன்னார். அன்றைக்கும் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தவள் கொன்ஸ்ரன்ஸ்தான். அவற்றில் ஒன்று கடைசிவரை அவள் கையை நக்கிக்கொண்டிருந்தது. வைத்தியர் போகும்போது தன் பழைய பூதக்கண்ணாடி ஒன்றை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். இனி ஒரு பிராணியையும் சாவுக்குப் பிடித்துக் கொடுப்பதில்லை என்று அன்று பின்னேரமே அந்தோனியார் கோவிலில் மெழுகுதிரி கொளுத்தி நேர்ந்துகொண்டாள்.

ஒரு நாயைப் பார்க்கப் போனால் உடனே அதைத் தொடமாட்டாள். தள்ளி உட்கார்ந்து, அது எங்கே சொறிகிறது, காலாலா பல்லாலா என்று பார்ப்பாள். வாலடியைக் கடித்துக் கடித்து மயிர் கொட்டியிருந்தால் தெள்ளுப்பூச்சி என்று சந்தேகம். நனைத்த வெள்ளைத் துணியில் அந்த மயிரைத் தட்டுவாள். விழுந்த கறுப்புப் பொடி சிவப்பாகக் கரைந்தால், தெள்ளு குடித்துக் கழித்த இரத்தம் அது. காது விளிம்பை விரலால் உரசும்போது பின்னங்கால் தன்பாட்டில் காற்றை உதைத்தால் சொறி. தோலுக்குள் பூச்சி குடைகிறது. அதற்குக் கந்தகத்தைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசுவாள். மயிர் வட்டமாக ஒடிந்து, உள்ளே சாம்பல் தூவினாற்போல இருந்து, பிராணியும் அதைப் பெரிதாகச் சொறியாமல் இருந்தால் படர்தாமரை. அதற்கு அயடீன். பூனை உள்ள வீட்டில் கார்பொலிக் சவர்க்காரத்தை வெளியே எடுக்கவே மாட்டாள். பூனை நக்கினால் நஞ்சு.

சுத்தத்தில் அவளை மிஞ்ச ஆஸ்பத்திரியாலும் முடியாது. ஒரு வீட்டில் பாவித்த துணியை அவித்துக் காயவைக்காமல் அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகமாட்டாள். மருந்து பூசிய கோழியிறகை அந்த இடத்திலேயே எரிப்பாள். முழங்கை வரைக்கும் உரஞ்சி உரஞ்சிக் கழுவுவாள்.

அவள் கழுவாத சாமான் ஒன்றே ஒன்று. இரண்டு விரல் அகலமான தோல் வார். அதில் அந்தோனியார் பதக்கம் ஒன்று தைத்திருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை கோவிலில் சுவாமியாரிடம் நீட்டி, தீர்த்தம் தெளித்து வாங்கியது. எந்தப் பிராணிக்கு மருந்து தொடங்கினாலும் அதன் கழுத்தில் அந்த வாரைக் கட்டிவிடுவாள். ஒன்பது நாள், நவநாள்போல. பத்தாம் நாள் கழற்றித் தன் இடது மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவாள். சனத்துக்குக் கந்தகத்தில் அரை நம்பிக்கை, வாரில் முழு நம்பிக்கை. தீர்த்தம் பட்ட சாமானுக்குச் சவர்க்காரம் போடுவதா? ஆசீர்வாதம் ஏறிய தோலில் நோயும் ஏறும் என்று யாருக்கும் தோன்றவில்லை, கொன்ஸ்ரன்ஸுக்கும் தோன்றவில்லை. பிற்பாடு வந்த வினை முழுவதும் இந்த ஒரு கழுவாமையில் இருந்து வந்தது. அப்போது அது வாருக்கு மட்டும்தான் தெரியும்.

சீமையில் புது ராசாவுக்கு முடிசூட்டு என்று தெருவெல்லாம் காகிதக் கொடி கட்டிய மே மாதம். மூன்றாம் நாளே மழை பிடித்துக்கொண்டது. கொடிகளின் சாயம் கரைந்து சுவர்களில் சிவப்பும் நீலமுமாக வழிந்தது. கொன்ஸ்ரன்ஸ் இருந்த இடத்துக்கு நெல்லிமரத் தோட்டம் என்று பெயர். நெல்லி மரமும் இல்லை, தோட்டமும் இல்லை. பன்னிரண்டு அறை, ஒரு தண்ணீர்ப் பைப், இரண்டு கக்கூஸ். அந்த மழையில் அங்கே காய்ந்தது என்று சொல்ல ஒரு தீப்பெட்டி கிடையாது.

முதலில் வட்டம் விழுந்தது நாலாம் அறை நாய்க்கு. தெள்ளுக்கு மருந்து பூசி நன்றாகச் சுகமான நாய். பிறகு சந்திக் கள்ளுத் தவறணைக்காரனின் நாய். பிறகு மீன்கடைப் பூனை. எல்லாவற்றுக்கும் கழுத்தில், கழுத்தைச் சுற்றி, யாரோ அளவெடுத்து வரைந்ததுபோல. கொன்ஸ்ரன்ஸ் கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். படர்தாமரை, சந்தேகமில்லை. எங்கிருந்து வருகிறது என்பதுதான் பிடிபடவில்லை. ஒவ்வொன்றுக்கும் அயடீன் பூசினாள். பூசிவிட்டு, சீக்கிரம் சுகமாகட்டும் என்று மறுபடி அந்த வாரையே கட்டினாள்.

ஜூன் தொடக்கத்தில் ஏழாம் அறையில் இருந்து கூப்பிட்டார்கள். அங்கே பற்றிக் இருந்தான். துறைமுகத்தில் மூட்டை எண்ணும் கிளாக்கர். அவன் மனைவி பேர்ணடெற், ஏழு வயது மகள் றீற்றா. அவர்களிடம் நாயும் இல்லை, பூனையும் இல்லை.

"அக்கா, பிள்ளையின்ர தலையை ஒருக்காப் பாருங்கோ," என்றான் பற்றிக்.

கொன்ஸ்ரன்ஸ் பிள்ளையை வெளிச்சத்துக்குத் திருப்பி மயிரை விலக்கினாள். தலையைச் சுற்றி ஐந்து வட்டம், ஒரு சின்ன முடி சூட்டினாற்போல. மயிர் அடியோடு ஒடிந்து, தேய்ந்த பிரஷ்போல நின்றது. நடுவில் சாம்பல்.

"படர்தாமரை. பயப்பிட ஒண்டுமில்லை. தலையை வழிச்சு மருந்து போட்டா மாறும்."

"வழிக்கிறதோ!" பேர்ணடெற் வாயில் கை வைத்தாள். "பொம்பிளைப் பிள்ளை, அக்கா. கொன்வென்ரில சிஸ்டர் ஏற்கெனவே வீட்டை அனுப்பிப்போட்டா. நேற்று முழுக்க அழுது முடிஞ்சுது."

"நான் அழேல்லை," என்றாள் றீற்றா.

"இது மனிசருக்கு எங்கயிருந்து வாறது?" என்று பற்றிக் கேட்டான்.

"மிருகத்தில இருந்து."

"எந்த மிருகம்? இஞ்ச ஒண்டும் இல்லையே."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தெரிந்தவள் என்று பெயர் எடுத்த ஆளுக்குத் 'தெரியாது' என்ற சொல் தொண்டையில் சிக்கிய மீன்முள்ளு. அதை எடுக்க வெட்கப்பட்டு, கொன்ஸ்ரன்ஸ் வேறொன்றைச் சொன்னாள்.

"சில பூனையள் இருக்கு. மேலில ஒரு புள்ளியும் தெரியாது. ஆனா மயிரில சுமந்துகொண்டு திரியும். போற இடமெல்லாம் விதைச்சுக்கொண்டு போகும்."

துரை வீட்டு வைத்தியர் சொன்ன உண்மைதான் அது. ஆனால் அந்த அறையில் அது வேறு வேலை செய்தது. பற்றிக்கின் கண் மெதுவாகச் சுவர்ப் பக்கம் திரும்பியது. சுவருக்கு அப்பால் எட்டாம் அறை; அதற்கும் அப்பால் ஒன்பதாம் அறை. நெல்லிமரத் தோட்டத்தில் ஒரு புள்ளியும் இல்லாத பூனை அங்கேதான் இருந்தது.

அந்தப் பூனைக்குப் பெயர் கப்பல். சரக்குக் கப்பல் ஒன்றில் இருந்து இறங்கி, துறைமுகக் கேட்டைக் கடந்து, ஜம்பட்டா வீதிப் பூனைகளை எல்லாம் ஒருமுறை அடித்துப்போட்டு, ஒன்பதாம் அறை ஹமீமாவின் மாச் சாக்கின் மேல் வந்து குடியேறிய வெள்ளைக் கடுவன். ஹமீமா புருசன் மௌத்தாகி நாலு வருடமாக இடியப்பம் அவித்து விற்பவள். மாவுக்கு எலி வரும். கப்பல் வந்த பிறகு எலி வருவதில்லை. கொன்ஸ்ரன்ஸையும் அதற்குப் பிடிக்காது. கந்தக வாடை வந்ததும் கூரைக்குப் போய்விடும்.

"கப்பலில வந்த பூனை," என்றான் பற்றிக். "எந்தத் தேசத்து நோயோ."

"நான் அந்தப் பூனை எண்டு சொல்லேல்லை, பற்றிக்."

"வேற எது? சனிக்கிழமை எனக்கு அரை நாள். வேலை முடிஞ்சு வந்து சாக்கில போட்டுக்கொண்டு துறைமுகத்து பிறேக்வோட்டர் அணைக்குப் போறன். கல்லும் கட்டிக் கடலில போட்டா மேல வராது."

அவன் கெட்டவன் அல்ல. மகளின் தலையைப் பார்த்த நாளில் இருந்து மூன்று நாளாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அவனுக்குத் தன் கோபத்தை இறக்கி வைக்க ஓர் இடம் தேவைப்பட்டது. அந்த இடத்தைக் காட்டிக் கொடுத்தவள் கொன்ஸ்ரன்ஸ்.

மறுநாள் காலை ஹமீமாவின் இடியப்பத் தட்டு தோட்டத்தைச் சுற்றிவிட்டு நிறைந்தபடியே திரும்பியது. 'பூனை வீட்டுச் சாப்பாடு' என்று யாரோ சொன்னார்கள். சொன்னது யார் என்று கேட்டால் பன்னிரண்டு அறையும் கூரையைப் பார்த்தது. ஹமீமா தட்டை இறக்கிவிட்டு நேரே கொன்ஸ்ரன்ஸிடம் வந்தாள்.

"அக்கா, நீங்க செல்லித்தானே ஆக்கள் இப்பிடி நடக்கிற?"

"உன்ர பூனை எண்டு நான் சொல்லேல்லை, ஹமீமா."

"இங்க வேற எந்தப் பூன ஈக்கி? வந்து பாருங்கொ. கண்ணாடி வெச்சுப் பாத்து, இல்லெண்டு ஒரு சொல்லுச் செல்லுங்கொ. ஒங்கட ஒரு சொல்லு போதும்."

கொன்ஸ்ரன்ஸ் போனாள். ஹமீமா பூனையைப் புருசனின் பழைய சாரத்தில் சுருட்டி, தலையை மட்டும் வெளியே விட்டு மடியில் இறுக்கிக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு பக்கமாகத் திறந்து காட்டினாள். காது, தாடை, நகத்தடி, வாலடி. கொன்ஸ்ரன்ஸ் கைபடாமல் கண்ணாடியால் பார்த்தாள். அவ்வளவு சுத்தமான தோலை அவள் துரை வீட்டிலும் கண்டதில்லை.

"ஒண்டும் இல்லை."

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப போய்ச் செல்லுங்கொ."

"ஒண்டும் தெரியாததாலதான் சொல்ல ஏலாமல் இருக்கு. நோயைச் சுமக்கிற பூனையிலயும் ஒண்டும் தெரியாது."

ஹமீமா பூனையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "தெரிஞ்சாலும் குத்தம், தெரியாட்டியும் குத்தமா? அப்ப இந்த வாயில்லாச் சீவன் எப்பிடித்தான் தனக்குச் சாட்சி செல்ற?"

கொன்ஸ்ரன்ஸ் கண்ணாடியைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு எழும்பினாள். இடது மணிக்கட்டு நமநமவென்றது. மருந்து பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை ஹமீமா கப்பலைக் கூடையில் மூடி, மாளிகாவத்தையில் இருந்த தன் தம்பி றவூப்பின் வீட்டில் கொண்டுபோய் விட்டாள். வெள்ளிக்கிழமை விடிந்தபோது அது நனைந்த உடம்போடு மாச் சாக்கின் மேல் படுத்திருந்தது. டிராம் பாதையையும் அத்தனை தெருநாய்களையும் தாண்டி, தன்னைக் கொல்லப்போகிற இடத்துக்குத் தானே நடந்து வந்திருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை கொன்ஸ்ரன்ஸுக்கு வெள்ளவத்தையில் இருந்து ஒரு தபாலட்டை வந்தது. வழக்குகள் நடத்தும் புறொக்டர் சவுந்தரநாயகம் வீட்டில் இருந்து. அவர்களுடைய டியூக் என்ற சடை நாய்க்குப் போன மாதம் உண்ணி எடுத்து, வாரும் கட்டிச் சுகப்படுத்தியவள் அவள்தான். 'உடனே வரவும்' என்று எழுதியிருந்தது. முதல்நாள் மீன்கடைப் பூனையில் இருந்து கழற்றிய வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு கோட்டையில் ரயிலேறினாள். கடல் கொந்தளித்து, தண்டவாளத்துக் கற்கள்வரை வந்து வந்து போனது.

"வாங்கோ கொன்ஸ்ரன்ஸ்," என்றார் புறொக்டரின் மனைவி. "உண்ணியெல்லாம் நல்லாப் போயிட்டுது. இது வேற ஏதோ."

டியூக்கின் கழுத்து மயிரை விலக்கியதும் கொன்ஸ்ரன்ஸின் கை அப்படியே நின்றது. வட்டம். ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு கழுத்தைச் சுற்றி வட்டங்கள்.

"இஞ்ச பூனை ஏதும் வாறதோ, அம்மா?"

"பூனையோ? டியூக் மதிலில ஒரு காகத்தையும் இருக்க விடான். றோட்டு நாயளோட சேரக்கூடாது எண்டு அவர் கேற்றையும் பூட்டித்தான் வச்சிருக்கிறார்."

"வேற ஆர் இதைத் தொட்டது?"

"நானும் நீங்களும்தான்." அந்த அம்மா சிரித்தார். "உங்கட அந்தோனியார் வார் கட்டின இடத்திலதான் சரியா வந்திருக்கு, பாத்தியளோ? சைவக்காரி என்ர வீட்டில கட்டினதுக்கு அந்தோனியாருக்கு ஏதும் கோவமோ?"

கொன்ஸ்ரன்ஸ் சிரிக்கவில்லை. கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் ஆறு மைல். கப்பல் எவ்வளவு கெட்டிக்காரப் பூனையானாலும் கோட்டையில் டிக்கற் எடுத்து வந்திருக்காது. அவள் எழும்பி யன்னலோரம் போய், மணிக்கட்டில் இருந்த வாரைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தாள். அதன் கீழே அவளுடைய தோலில் சிவந்த ஒரு வட்டம் இருந்தது. நடுவில் சாம்பல்.

வாரின் உட்புறத்தைக் கண்ணாடியால் பார்த்தாள். தையல் ஓட்டைகளில் மயிர் சிக்கியிருந்தது. நாலாம் அறை நாயின் செம்மயிர், தவறணை நாயின் கறுப்பு, மீன்கடைப் பூனையின் சாம்பல் நிறம், டியூக்கின் வெள்ளை. எல்லாம் ஒடிந்த துண்டுகள், மேலே மாவு தூவினாற்போல. அவற்றுக்கு இடையில் நீளமாக, மெல்லியதாக ஒன்று. அது மிருகத்தின் மயிர் அல்ல.

மே மாத நடுவில் றீற்றாவுக்குக் காய்ச்சல் வந்திருந்தது. பேர்ணடெற் வந்து, "அக்கா, அந்த வாரை ஒரு ராவுக்குத் தாங்கோ" என்று கேட்டாள். கொன்ஸ்ரன்ஸ் தானே போய், பிள்ளையின் நெற்றியைச் சுற்றி, பதக்கம் நடுவில் வரும்படி கட்டிவிட்டு, முத்தமும் கொடுத்துவிட்டு வந்தாள்.

விரல் மடித்து எண்ணிப் பார்த்தாள். இந்த வருடத்தில் மட்டும் வார் ஏறிய கழுத்துப் பத்து. அதோடு ஒரு பிள்ளை.

திரும்பி வரும் ரயிலில் கடல் பக்கத்து யன்னலில் உட்கார்ந்தாள். வாரைச் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டு கையை வெளியே நீட்டினாள். விரலை விரித்தால் போதும். வார் கடலுக்குப் போகும். நாளைக்குப் பூனையும் கடலுக்குப் போகும். அதற்குப் பிறகு ஒரு கழுத்திலும் புது வட்டம் விழாது. பூனை போனதும் நோய் போய்விட்டது, கொன்ஸ்ரன்ஸ் சொன்னால் சொன்னதுதான் என்று கொட்டாஞ்சேனை முழுக்கக் கதைக்கும். அவள் அப்படிப் பொய் சொல்லவே இல்லை; சொல்லாமலே அந்தப் பொய் மெய்யாகிப் போகும். இதை நினைத்தபோதுதான் அவளுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

பம்பலப்பிட்டி போயிற்று. கொள்ளுப்பிட்டி போயிற்று. அதற்கு அப்பால் ரயில் கடலை விட்டுத் திரும்பிவிட்டது. வார் இன்னும் கையில் இருந்தது. தைரியத்தால் என்று சொல்ல முடியாது. ஆசீர்வதித்த சாமானை எரிக்கலாம், புதைக்கலாம், எறியக்கூடாது என்று ஞானோபதேச வகுப்பில் படித்தது விரலைப் பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான்.

அன்று தோட்டத்தில் அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. சனிக்கிழமை காலையும் திறக்கவில்லை. பைப்பில் தண்ணீர் பிடிக்கும்போது ஹமீமா பக்கத்தில் நின்றாள், அப்போதும் இல்லை. சொன்னால் இனி யார் வாசலில் அவளை ஏற்றுவார்கள்? வேறு தொழில் அவளுக்குத் தெரியாது. பன்னிரண்டு அடித்தது. ஒன்று அடித்தது. பற்றிக் நனைந்த சேர்ட்டோடு வந்தான், தோளில் சணல் சாக்கு. ஒரு பகல் முழுக்கச் சாக்கு எண்ணுகிறவன் ஒன்றை எண்ணாமல் எடுத்து வந்திருந்தான்.

கப்பல் மாச் சாக்கில் இருந்து எழும்பவும் இல்லை. பற்றிக் பிடரியில் பிடித்துத் தூக்கியபோதுதான் முழித்தது. அவன் முழங்கையில் நாலு கோடு கிழித்துவிட்டுச் சாக்குக்குள் போனது. பற்றிக் சாக்கின் வாயைக் கயிற்றால் கட்டினான். சாக்கு அசைந்தது. ஹமீமா அழவில்லை, கை முழுக்க மாவோடு வாசலில் நின்றாள். மற்ற அறைகளின் கதவுகளில் தலைகள் இருந்தன. கதவுகளுக்கு நடுவே நடந்து, வெளியேறும் ஒழுங்கை வாயிலுக்குப் பற்றிக் வந்தபோது அங்கே கொன்ஸ்ரன்ஸ் நின்றாள்.

"பற்றிக், சாக்கை வை."

"வழியை விடுங்கோ, அக்கா."

"பூனையில்லை. என்ர வார்."

"என்ன?"

"நோயைக் கொண்டு திரிஞ்சது என்ர வார். கழுத்துக்குக் கழுத்து நான்தான் கட்டினன்."

பற்றிக் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "உங்களுக்கு விசரோ? அந்தோனியாரிலயோ பிழை சொல்லுறியள்?"

"அந்தோனியார் ஒண்டும் செய்யேல்லை. தோல் செய்தது. நான் கழுவேல்லை." கொன்ஸ்ரன்ஸ் இடது கையை நீட்டினாள். "இதைப் பார். இந்தப் பூனை என்னைத் தொட்டதை ஆராவது கண்டிருக்கிறியளோ? என்னைக் கண்டா கூரையில ஏறுற மிருகம். அப்ப எனக்கு எங்கயிருந்து வந்தது? வெள்ளவத்தையில பூட்டின கேற்றுக்குள்ள இருக்கிற நாய்க்கு எங்கயிருந்து வந்தது?"

தலைகள் கதவுகளை விட்டு வெளியே வந்தன. நாலாம் அறைக்காரி மெதுவாகச் சிலுவை போட்டாள். பற்றிக் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் மூட்டை எண்ணுகிறவன். ஒன்றோடு ஒன்றைக் கூட்ட அவனுக்கு அதிக நேரம் எடுக்கவில்லை.

"அப்ப றீற்றாவுக்கு..."

"காய்ச்சல் நேரம். நெத்தியில."

"நான்தானே கேட்டு வந்தனான்," என்று பேர்ணடெற் பின்னால் இருந்து சொன்னாள்.

"நீ கேட்டாய். கட்டினது நான்."

பற்றிக் அடிப்பான் என்று கொன்ஸ்ரன்ஸ் நினைத்தாள். அடித்திருந்தால் நல்லது என்றும் நினைத்தாள். அவன் சாக்கின் கயிற்றை உருவினான். வெள்ளையாக ஒன்று பாய்ந்து, தண்ணீர்ப் பீப்பாவில் ஏறி, கூரையில் ஏறி, கண்ணில் இருந்து மறைந்தது.

"இனி எங்கட வாசலுக்கு வரவேண்டாம்," என்றான் பற்றிக்.

"பிள்ளைக்கு மருந்து?"

"வரவேண்டாம் எண்டு சொன்னன்."

சாக்கு அங்கேயே கிடந்தது. கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. கடைசியில் கொன்ஸ்ரன்ஸும் ஹமீமாவும் மட்டும் நின்றார்கள்.

"உன்ர அடுப்பு எரியுதோ?" என்று கொன்ஸ்ரன்ஸ் கேட்டாள். "இதை எரிக்க வேணும். என்ர விறகு நனைஞ்சு போச்சு."

"ஒங்கட சாமிய என்ட அடுப்பிலயா?"

"சாமியைக் கழட்டிப்போட்டன். இது வெறும் தோல்."

ஹமீமா விலகி வழி விட்டாள். வார் எரியும்போது பாம்புபோல நெளிந்து சுருண்டது. மயிர் தீய்ந்த வாடை பன்னிரண்டு அறைக்கும் போனது. ஹமீமா நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொன்ஸ்ரன்ஸ் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நின்றிருப்பாள். "சாம்பல நீங்களே அள்ளிப் பொதைச்சிருங்கொ," என்று மட்டும் சொல்லிவிட்டு ஹமீமா மாப் பிசையப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கொன்ஸ்ரன்ஸ் மற்ற வீடுகளுக்குப் புறப்பட்டாள். தவறணைக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடிந்ததும் நாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். மீன்கடைக்காரி மீன் கழுவின தண்ணீரை அவள் காலடியில் ஊற்றினாள். ஒரு வீட்டில் அவளை இருத்தித் தேத்தண்ணி கொடுத்தார்கள். வார் இல்லாமல் மருந்து மட்டும் எதற்கு, வேண்டாம் என்றார்கள். அது எல்லாவற்றிலும் மோசமாக இருந்தது.

கடைசி வீடு தெமட்டகொடையில், ரயில் யார்டுக்குப் பின்னால். ஆறாயி என்ற இளம்பெண் இருந்தாள். அவள் புருசன் நகரசபையில் தெருக் கூட்டுகிறவன். ஏப்ரல் மாதம் அவர்களுடைய குட்டி நாய்க்குச் சொறி. கொன்ஸ்ரன்ஸ் படலையைத் தட்டுவதற்கு முன்பே ஆறாயி ஓடி வந்தாள். இடுப்பில் ஆறு மாதப் பிள்ளை. பிள்ளையின் கழுத்தில் துணி சுற்றியிருந்தது.

"வாங்கம்மா, வாங்க! நானே ஆளனுப்பணும்னு இருந்தேன். நாய்க்கு ரொம்பச் சுகம். இதுக்குத்தான் கழுத்தெல்லாம் வட்டமா என்னமோ வருது, ராவெல்லாம் அழுவுது." அவள் துணியை விலக்கிக் காட்டினாள். "அந்த ஒம்பது நாளும் பகல்ல நாய்க்குக் கட்டுனேன். ராவுல கழட்டி இவனுக்குக் கட்டுனேன். சாமி வாரு, ரெண்டு பேருக்கும் ஆவட்டும்னுதான். இன்னைக்கும் கொண்டாந்திருக்கீங்களாம்மா? இன்னொரு ஒம்பது நாளைக்குக் குடுத்துட்டுப் போங்க."

பிள்ளை கொன்ஸ்ரன்ஸைப் பார்த்துக் கையை நீட்டியது. யார்டில் பெட்டிகளை மாற்றிக் கோக்கும் சத்தம் ஒன்றன் பின் ஒன்றாகக் கேட்டது. கொன்ஸ்ரன்ஸ் பைக்குள் கையை விட்டு மருந்துப் போத்தலை எடுத்தாள். எடுத்ததைத் திரும்பவும் உள்ளே வைத்தாள்.

"ஆறாயி, பிள்ளையை வச்சுக்கொண்டு இப்பிடி முதல்ல இரு," என்றாள். "மருந்துக்கு முந்தி உன்னட்டை ஒண்டு சொல்ல வேணும்."